படுக்கையறையில் ஒரு பாடல் பதிவு: மைக் வாங்கும் முன் அறையைக் கவனியுங்கள்

கூரையில் மழை இறங்காத, பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் கிளம்பாத, சமையலறையில் யாரும் பிளெண்டரைத் தட்டாத நான்கு நிமிடம். வீட்டில் பாடல் பதிவு செய்யும் உள்ளூர் இளைஞர்களுக்கு எளிதில் கிடைக்காதது அதுதான். மைக் கிடைத்துவிடுகிறது. கணினி ஏற்கெனவே இருக்கிறது. பதிவு செய்யும் மென்பொருள் இலவசமாகவே வருகிறது. அந்த நான்கு நிமிட அமைதிதான் வர மறுக்கிறது.

முன்பு ஒரு பாடலைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் ஸ்டூடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடியவர்கள் பலர். இன்று தாமான் வரிசை வீட்டிலும், பிபிஆர் அடுக்குமாடியிலும், சிங்கப்பூரின் வீவக வீட்டிலும் அந்த வேலை நடக்கிறது. பக்திப் பாடல், திருமணத்திற்கு ஒரு வாழ்த்துப் பாடல், தைப்பூசத்திற்கு ஒரு காவடிப் பாடல், சொல்லிசை என்று எல்லாமே படுக்கையறையில் பிறக்கின்றன. ஆனால் வானொலிக்கு அனுப்பிய பாடல் ஒலிபரப்பாகாமல் போவதும், யூடியூப்பில் ஏற்றியதைச் சொந்தக்காரர்கள்கூட முழுதாகக் கேட்காததும் நடக்கத்தான் செய்கிறது. பெரும்பாலும் குறை குரலில் இருக்காது. பதிவில் இருக்கும்.

இதில் இன்னொரு வகைப் பதிவும் உண்டு. இளைஞரின் பாட்டு கெட்டுப்போனால் மறுநாள் மீண்டும் பாடலாம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி, தீபாவளிக்குக் குடும்பம் கூடிய இரவில் நினைவுக்கு வந்து பாடிய தாலாட்டை மீண்டும் பாடச் சொல்ல முடியுமா? அடுத்த தீபாவளிக்கு வரிகள் நினைவில் இருக்குமா, பாட்டியே இருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. அந்தத் தாலாட்டு பல குடும்பங்களின் கைப்பேசியில் மின்விசிறி இரைச்சலுக்கும் தட்டுமுட்டுச் சத்தத்துக்கும் நடுவே மங்கலாகக் கிடக்கிறது. குரலைப் பதிவு செய்யும் அடிப்படை வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருப்பது அதற்காகவும்தான்.

அறைதான் முதல் கருவி

குரல் மைக்கை நேராகவும் அடைகிறது, சுவரிலும் தரையிலும் கண்ணாடி ஜன்னலிலும் மோதித் திரும்பியும் அடைகிறது. இரண்டும் கலந்து பதிவாவதால்தான் வீட்டுப் பதிவுகள் குளியலறையில் பாடியது போல ஒலிக்கின்றன. ஒருமுறை கலந்துவிட்டால் பிரிப்பது மிகக் கடினம். எதிரொலியைக் குறைக்கும் மென்பொருள்கள் இருந்தாலும், அவை குரலின் உயிரையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும்.

அறையைச் சோதிக்க ஒரு கைதட்டல் போதும். தட்டியபின் ‘டிங்’ என்ற சிறு வால் கேட்டால் அந்த இடம் ஆகாது. வெறும் சுவரும் டைல்ஸ் தரையுமாக உள்ள வரவேற்பறை பெரும்பாலும் மோசம். துணி நிறைந்த அலமாரி, மெத்தை, திரைச்சீலை உள்ள படுக்கையறை மேல். அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, தொங்கும் துணிகளுக்கு முதுகு காட்டி நின்று பாடுவது பழைய உத்தி. இன்றும் பலன் தருகிறது.

முதுகு காட்டி என்பதைக் கவனிக்க வேண்டும். பாடுவதற்குப் பயன்படும் மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்கத்திலிருந்து வரும் ஒலியை வாங்கி, பின்பக்கத்து ஒலியைத் தள்ளும் வகை. மைக்கின் முகம் பாடுபவரைப் பார்க்கிறது. அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும் சேர்த்தே பார்க்கிறது. ஆகவே தடித்த போர்வையோ நிமிர்த்தி வைத்த மெத்தையோ பாடுபவருக்குப் பின்னால் இருப்பதுதான் அதிகம் உதவும். பலர் மைக்கின் பின்னால் மட்டும் ஒரு வளைந்த பஞ்சுத் தடுப்பை வாங்கி மாட்டிவிட்டு, பின்சுவரை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டும் பழக்கமும் இன்னும் போகவில்லை. அது மெல்லிய காகித அட்டை. வெளிச் சத்தத்தைத் தடுக்காது. உள்ளே எழும் எதிரொலியில் மேல் சுருதிகளில் சிறிதளவைத் தவிர வேறெதையும் உறிஞ்சாது. தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். அந்தப் பணத்துக்கு இரண்டு தடித்த போர்வை வாங்கலாம்.

அடுத்தது இரைச்சல். மின்விசிறியும் குளிர்சாதனமும் நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் இது தண்டனைதான். இருபது நிமிடம் பாடிவிட்டு, கதவைத் திறந்து வைத்து இளைப்பாறிவிட்டுத் தொடர்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஐஸ்பெட்டி பக்கத்து அறையில் இருந்தாலும் அதன் முனகல் பதிவில் தெரியும். அதை நிறுத்துபவர்கள் கார் சாவியை அதற்குள் வைத்துவிடுவது ஒலிப்பதிவுக்காரர்களின் பழைய தந்திரம். வெளியே போகச் சாவியைத் தேடும்போது, ஐஸ்பெட்டியை மீண்டும் முடுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்துவிடும்.

எந்த மைக்?

விளம்பரங்களைப் பார்த்தால் பெரிய வட்டத் தகடுள்ள கண்டென்சர் மைக் இல்லாமல் பாட்டே இல்லை என்று தோன்றும். கண்டென்சர் நுட்பமானது, மூச்சின் நுனியைக்கூடப் பிடிக்கும். அதே நுட்பத்தால் எதிர்வீட்டு நாயையும் பிடிக்கும். அமைதியான, நன்றாக அடக்கப்பட்ட அறையில் அதற்கு ஈடில்லை. சாலையோர அடுக்குமாடியில் டைனமிக் மைக்தான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. கோயில் மேடைகளில் அடிக்கடி காணும் ஷூர் எஸ்.எம்.58 அந்த வகை. 1966-இல் வந்தது, இன்றும் விற்பனையில் உள்ளது. மைக்கல் ஜாக்சனின் 1982-ஆம் ஆண்டு ‘திரில்லர்’ தொகுப்பில் அவர் குரலுக்குப் பயன்பட்டதும் ஒரு டைனமிக் மைக்தான், ஷூர் எஸ்.எம்.7. மலிவு மைக்கை வைத்திருப்பவர் தாழ்வாக எண்ண வேண்டிய அவசியமில்லை. புகழ்பெற்ற மைக்குகளுக்குப் போலிகள் ஏராளம் என்பதால் இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்தால் மட்டும் சந்தேகப்பட வேண்டும்.

மைக்கையும் கணினியையும் இணைக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி தேவை. கண்டென்சருக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுப்பதும் அதுதான். அந்தப் பொத்தானை அழுத்த மறந்துவிட்டு மைக் பழுது என்று கடைக்குத் திரும்பியவர்கள் உண்டு. டைனமிக் மைக்குக்கு அந்த மின்சாரம் வேண்டாம். ஆனால் அதன் வெளியீடு மெலிது, இன்டர்ஃபேஸில் கெயினை அதிகம் திருப்ப வேண்டும். மலிவான பெட்டிகளில் அந்த அளவில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் எழும்.

மென்பொருளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. ஆடாசிட்டி இலவசம். ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்களுக்குக் கராஜ்பேண்ட் கூடவே வருகிறது. கைப்பேசியிலும் உலாவியிலும் இயங்கும் பேண்ட்லேப் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டது, அதுவும் இலவசம்.

ஒரு சாண் தூரம்

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து அளந்துகொண்டால் போதும். தூரம் இரட்டிப்பாகும்போது நேராக வரும் குரல் 6 டெசிபல் குறைகிறது; அறையின் எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தள்ளி நின்று பாடினால் அறை ஜெயிக்கும். மிக ஒட்டிப் பாடினால் வேறொரு தொல்லை: இந்த வகை மைக்குகள் அருகில் வரும் குரலின் அடித்தொனியைப் பெருக்கிவிடும். வானொலி அறிவிப்பாளரின் கனத்த குரலுக்கு அது அழகு. பாட்டில் சொற்கள் கஞ்சியாகிவிடும்.

‘ப’ வரும் இடங்களில் காற்று மைக்கில் மோதி ‘டப்’ என்று வெடிக்கும். தமிழ்ப் பகரத்தில் ஆங்கிலத்தைவிடக் காற்று குறைவு; ஆனாலும் உணர்ச்சியோடு பாடும்போது வெடிக்கத்தான் செய்யும். பாப் ஃபில்டர் என்ற வலைத்தட்டு இதற்காகவே. இல்லாவிட்டால் கம்பி ஹேங்கரை வட்டமாக வளைத்து, அதில் மெல்லிய நைலான் காலுறையை இழுத்து மாட்டினாலும் அதே வேலை நடக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தாலும் பாதிக் காற்று தப்பிவிடும்.

கெயின் விஷயத்தில்தான் அதிகப் பாடல்கள் பாழாகின்றன. டிஜிட்டல் பதிவில் பூஜ்ஜியம் என்ற அளவு ஒரு கூரை. குரல் அதைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு, கிழிந்த ஒலியாகப் பதிவாகும். பின்னர் ஒலியளவைக் குறைத்தாலும் கிழிசல் போகாது. சோதனைக்குப் பாடும்போது பாடகர்கள் பொதுவாக அடக்கிப் பாடுவார்கள். உண்மையான பதிவில் மேல் ஸ்தாயியைத் தொடும்போது குரல் பாயும். ஆகவே பாடலிலேயே உரத்த வரியை முழு வேகத்தில் பாடவைத்து, அது மைனஸ் 12 டெசிபல் சுற்றி நிற்கும்படி கெயினை வைத்துக்கொள்ள வேண்டும். அலை சிறியதாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். 24 பிட்டில் பதிவு செய்தால் பின்னர் தாராளமாக உயர்த்திக்கொள்ளலாம். 16 பிட்டின் ஒலி வீச்சு ஏறத்தாழ 96 டெசிபல். 24 பிட்டில் கணக்குப்படி 144.

காதில் கேட்பது

பாடுபவர் காதை முழுதாக மூடும் ஹெட்போன் அணிய வேண்டும். இல்லாவிட்டால் பின்னணி இசை கசிந்து மைக்கில் ஏறிவிடும். தன் குரல் ஒரு நொடித் துணுக்கு தாமதமாகக் காதில் விழுவதாகச் சொல்பவர்கள் பலர். கணினி ஒலியை வாங்கித் திருப்பித் தர எடுக்கும் நேரம் அது. பஃபர் அளவை 128-க்குக் குறைத்தால் தாமதம் பெருமளவு குறையும். இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துவது இன்னும் எளிது. ஒரு காதை மட்டும் திறந்துவைத்துப் பாடினால் சுருதி நன்றாக நிற்பவர்களும் உண்டு. அப்போது திறந்த பக்கத்தின் ஒலியை மென்பொருளில் அணைத்துவிட வேண்டும்.

சுருதியை முதலிலேயே முடிவு செய்துகொள்வது முக்கியம். ஆண் பாடகரின் பாடலுக்கான கரோக்கே இசையை அப்படியே வைத்துக்கொண்டு, தன் 5 கட்டைக் குரலை அதற்குள் திணிக்கப் பார்க்கும் பெண்கள் நிறையப் பேர். இசையை இரண்டு மூன்று அரைச்சுருதி ஏற்றி இறக்க எல்லா மென்பொருளிலும் வசதி உண்டு. இன்னொன்று, யூடியூப்பிலிருந்து இறக்கிய திரைப்பாடல் இசை ஏற்கெனவே சுருக்கப்பட்டது, தரம் குறைந்தது. அதோடு பாடி மீண்டும் அங்கேயே ஏற்றினால் உரிமையாளரின் தானியங்கி அடையாள முறை கண்டுபிடித்துவிடும். காணொளி முடக்கப்படலாம், அல்லது வருமானம் அவருக்குப் போகலாம்.

பாடலை முழுதாக மூன்று நான்கு முறை பாடி வைத்துக்கொண்டு, வரிக்கு வரி நல்லதைத் தேர்ந்து ஒட்டுவதுதான் உலகெங்கும் நடக்கும் முறை. பெரிய பாடகர்களும் இப்படித்தான். தேர்வு செய்யும்போது சுருதியைவிட உச்சரிப்புக்கு முதலிடம் தருவது நல்லது. சுருதி சிறிது விலகினால் திருத்தலாம். ‘வாழை’யை ‘வாலை’ என்று பாடிவிட்டால் லகரத்தை ழகரமாக்கும் மென்பொருள் எதுவும் கிடையாது. வானொலி நேயர்கள் முதலில் பிடிப்பதும் அதைத்தான்.

சுருதித் திருத்தம்: கமகம் எங்கே போனது?

பதிவுக்குப் பிந்திய வேலைகளில் அதிகம் பேசப்படுவதும் அதிகம் கெடுப்பதும் இதுவே. ஆட்டோ-டியூன் 1997-இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட் அதற்கு முன் நிலத்துக்கடியில் எண்ணெய் தேடும் அதிர்வலைக் கணக்குகளில் வேலை செய்தவர். 1998-இல் ஷெர் பாடிய ‘பிலீவ்’ பாடலில் அதை வேண்டுமென்றே மிகையாகத் திருப்பியதில் பிறந்ததுதான் இன்று ஊரெங்கும் கேட்கும் அந்த இயந்திரக் குரல்.

அந்தக் கருவி, குரல் எந்தச் சுரத்துக்கு அருகில் இருக்கிறதோ அங்கே இழுத்து நிறுத்துகிறது. வழக்கமான அமைப்பில் பியானோவின் கட்டைகளைப் போன்ற 12 படிகளை வைத்தே அது இயங்குகிறது. மேற்கத்திய பாப் பாடலில் சுரங்கள் படிக்குப் படி தாவுவதால் அது பொருந்துகிறது. தமிழ்ப் பாடலில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குரல் வழுக்கிக்கொண்டு போகிறது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அசைவதுதான் அதன் அடையாளம். அதைக் கருவி ‘தவறு’ என்று எண்ணி, அசைவைப் படிக்கட்டாக வெட்டிவிடும். திருப்புகழோ தேவாரமோ பாடி, பழக்கதோஷத்தில் ஆட்டோ-டியூனை முழுதாகத் திருப்பியவர்களின் பாடல் ஏன் உயிரில்லாமல் ஒலிக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான். சிறு வயதிலிருந்து தேவார வகுப்பில் பழகிய பிருகாக்களை ஒரு பொத்தான் அழித்துவிடுகிறது.

வழி இருக்கிறது. ரீடியூன் வேகத்தை மெதுவாக்கினால், கருவி அசைவுகளைக் கடந்து போகவிட்டு, நீளமாக நிற்கும் சுரங்களை மட்டும் மெல்லத் திருத்தும். இன்னும் நல்லது கையால் செய்வது. மெலடைன் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு சுரமும் திரையில் தனித்தனித் துண்டாகத் தெரியும். அசைவைத் தொடாமல் துண்டை மட்டும் மேலோ கீழோ நகர்த்தலாம். ஒரு பாடலில் காதை உறுத்தும் ஐந்தாறு இடங்களை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுவது போதும். திரையில் கோடு நேராக இல்லையே என்று கண்ணால் திருத்தப் போனால் முடிவே இராது.

சொல்லிசைக்காரர்களின் நிலை வேறு. யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் ‘வல்லவன்’ தொகுப்பைத் தந்தபின் அந்த வழியில் வந்த இளைஞர்கள் பலர். அவர்களுக்குச் சுருதியைவிடத் தாளமும் சொல் தெளிவும்தான் கவலை. வரியின் கடைசிச் சொற்களை இரண்டாம் முறை பாடி மேலே அடுக்குவது சொல்லுக்கு எடை கூட்டும். இரண்டும் மயிரிழை பிசகினாலும் சேறாகிவிடும். ஆட்டோ-டியூனை அவர்கள் அழகுக்காக மிகையாகத் திருப்புவதில் தவறொன்றும் இல்லை.

செதுக்குதல்

மீதி வேலைகள் அவ்வளவு மர்மமானவை அல்ல. முதலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம். அங்கே குரல் அதிகம் இல்லை. லாரி ஓடும் அதிர்வும், நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலும்தான் உள்ளன. குரல் பானைக்குள் இருந்து வருவதுபோல் இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையில் இரண்டு மூன்று டெசிபல் குறைக்கலாம். சொல் தெளிவு வேண்டுமென்றால் 3,000 ஹெர்ட்ஸ் சுற்றிச் சற்றுக் கூட்டலாம். கூட்டுவதைவிடக் குறைப்பதில் கை தாராளமாக இருப்பது நல்லது.

கம்ப்ரெஸர் என்பது ஒலியளவுப் பொத்தானில் எப்போதும் கை வைத்திருக்கும் ஒரு கவனமான ஆள். 3-க்கு 1 என்று வைத்தால், எல்லையை 6 டெசிபல் தாண்டும் குரல் 2 டெசிபல் மட்டுமே தாண்டும். மெல்லிய வரியும் உரத்த வரியும் நெருங்கி வருவதால் தபேலா, கீபோர்டுக்கு நடுவே சொற்கள் மூழ்காது. உரத்த இடங்களில் 3 முதல் 6 டெசிபல் குறைந்தால் போதும். அதற்கு மேல் போனால் பாடகர் மூச்சுத் திணறுவதுபோல் ஒலிக்கும். கம்ப்ரெஸர் மூச்சொலியையும் ‘ச’, ‘ஸ’ சீறலையும் எடுத்துக்காட்டும். சீறலுக்கு 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை கவனிக்கும் டீ-எஸ்ஸர் இருக்கிறது. மூச்சை முழுதாக வெட்டிவிடக் கூடாது, குறைத்தால் போதும். மூச்சே விடாத மனிதர் பாடுவதைக் கேட்கக் கொஞ்சம் அச்சமாகவே இருக்கும்.

கடைசியில் ரிவெர்ப். வீட்டில் கஷ்டப்பட்டு எதிரொலியை அடக்கியது, இங்கே நல்ல எதிரொலியைத் தேர்ந்து போடுவதற்காகத்தான். பக்திப் பாடல் என்றாலே கோயில் மண்டபம் முழுவதையும் ஊற்றிவிடும் பழக்கம் இருக்கிறது. ஊற்றியபின் சொற்கள் மறைந்துவிடுகின்றன. குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் இடையே 20 முதல் 40 மில்லிநொடி இடைவெளி விட்டால் சொல் முதலில் தெளிவாக விழுந்து, மண்டபம் பின்னால் வரும். எவ்வளவு போடுவது என்று குழம்பினால், ரிவெர்ப் கேட்கும்வரை கூட்டி, பிறகு கொஞ்சம் இறக்கிவிடலாம்.

பாட்டியின் குரல்

மேலே சொன்ன செதுக்கல்களில் பாதி இங்கே வேண்டாம். சுருதித் திருத்தம் அறவே வேண்டாம். கம்ப்ரெஸரும் ரிவெர்பும் தேவையில்லை. நடுங்கும் குரலும் இடையில் விடும் பெருமூச்சும், ‘அப்புறம் என்ன வரும்’ என்று தனக்குள் கேட்டுக்கொள்வதும் அந்தப் பாட்டோடு சேர்ந்தவை.

முயற்சியெல்லாம் பதிவுக்கு முன்பே செய்துவிட வேண்டியவை. மின்விசிறியை நிறுத்தி, டிவியை அணைத்து, பேரப்பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட வேண்டும். கைப்பேசிதான் கருவி என்றால் விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்து, வாயிலிருந்து ஒரு சாணுக்கும் சற்றுக் கூடுதலான தூரத்தில் வைக்கலாம். வெறும் மேசையில் வைத்தால் தட்டும் விரலும் வளையலும் இடியாகப் பதிவாகும். மைக்கைக் கண்டாலே பேச்சு நின்றுவிடும் என்பதால், பதிவை ஓடவிட்டு எந்தத் தோட்டம், எந்த லயம், யார் கற்றுக்கொடுத்தது என்று பேசத் தொடங்கிவிடுவது உதவும். பாட்டு அதன்பின் தானாக வரும். கெயின் தாழ்வாகவே இருக்கட்டும். ஒப்பாரி போன்றவற்றில் குரல் திடீரென எழும்.

தொடக்கத்திலோ முடிவிலோ பத்து நொடி யாரும் பேசாமல் அறையின் அமைதியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கும் வசதி அந்தப் பத்து நொடியைப் பார்த்துத்தான் எது இரைச்சல் என்று கற்றுக்கொள்கிறது. அதையும் மிதமாகவே பயன்படுத்த வேண்டும். அதிகமானால் குரல் தண்ணீருக்கடியில் இருந்து வருவதுபோல் குமிழியிடும். எந்தத் திருத்தமும் பிரதியில்தான். மூலப் பதிவைத் தொடக் கூடாது.

அனுப்புவதும் வைப்பதும்

முடிந்த பாடலை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். வேவ் கோப்பாகச் சேமித்து, ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸில் ஒரு நிமிடக் குரல் ஏறத்தாழ 8.6 மெகாபைட், ஐந்து நிமிடம் 43. இன்றைய கைப்பேசிக்கு அது பெரிய சுமையல்ல. ஒலியளவை முட்டி மோதி உயர்த்துவதிலும் பயனில்லை. ஸ்போட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் மைனஸ் 14 லஃப்ஸ் என்ற அளவுக்கு ஒட்டிச் சமப்படுத்துகின்றன. மிகையாக ஏற்றிய பாடல் அங்கே இறக்கப்படும், நசுங்கியது மட்டும் மிஞ்சும்.

கோப்பின் பெயர் ‘ரெக்கார்டிங் 17’ என்று இருந்தால் இரண்டு ஆண்டில் யாருக்கும் அடையாளம் தெரியாது. பாடியவர் பெயர், பாட்டின் முதல் சொல், தோட்டத்தின் பெயர், தேதி ஆகியவற்றைச் சேர்த்துப் பெயரிட்டு, கணினியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று என மூன்று பிரதிகளாவது வைத்துக்கொள்ளலாம்.